ஆறரை டாலர் டிக்கெட்: மார்ட்டின் லூதர் கிங்குக்கு அட்லாண்டா வைத்த விருந்து

அமெரிக்காவில் ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். அதை ஒட்டி கொஞ்சம் பெரிய ஊர்கள் பலவற்றில் ஒரு விருந்து நடக்கும். ஹோட்டல் மண்டபம், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகள், ஒவ்வொரு மேசை நடுவிலும் அதை விலைக்கு எடுத்த வங்கி அல்லது மருத்துவமனை அல்லது கம்பெனியின் பெயர் அட்டை. தேவாலயப் பாடகர் குழு பாடும், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசுவார், உள்ளூர்க்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு விருது, வசூலான பணத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை. நல்ல காரியம்தான். எங்கள் அலுவலகமும் வருஷா வருஷம் ஒரு மேசை வாங்கும். போன தடவை ஆள் சேரவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்படியும் பத்து நாற்காலியில் நாலு காலி.

மேடையில் பேசியவர் 1965இல் அட்லாண்டாவில் நடந்த விருந்தின் கதையைச் சொன்னார். நோபல் பரிசு வாங்கி வந்த கிங்குக்குச் சொந்த ஊர்ப் பணக்காரர்கள் விருந்து வைக்க மறுத்தார்கள், கோக்க-கோலா கம்பெனி ஒரு அதட்டுப் போட்டது, இரண்டு மணி நேரத்தில் டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பின்வரிசையில் காது கேட்கவில்லை என்று எங்கள் காலி நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கறுப்பினப் பெண்மணி, என் பக்கம் சாய்ந்து, "இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை கேட்டாச்சு, அந்த விருந்து முடிந்த அஞ்சாவது நாள் அவர் எங்கே இருந்தார் என்று மட்டும் யாரும் சொல்வதே இல்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இதைத் தோண்டப் போனேன்.

விருந்துக்கு முந்தைய ஊர்

கிங்குக்கு அமைதிக்கான நோபல் என்று 1964 அக்டோபர் 14 அன்று அறிவிப்பு வந்தது. அலைந்து அலைந்து ஓய்ந்துபோய் அட்லாண்டாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் படுத்திருந்தார் அவர். வயது 35, அதுவரை அந்தப் பரிசைப் பெற்றவர்களிலேயே இளையவர். டிசம்பர் 10 அன்று ஆஸ்லோவில் பரிசை வாங்கினார். சுமார் 54,000 டாலர் பரிசுப் பணம் முழுவதையும் கறுப்பினத்தவரின் சம உரிமை இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் நியூயார்க்கில் மேயர் வாக்னர் பெரிய வரவேற்பு கொடுத்தார். சரி, பிறந்து வளர்ந்த ஊர் என்ன செய்யும்?

அட்லாண்டா அப்போது தன்னைப் பற்றி ஒரு வாசகம் வைத்திருந்தது: 'வெறுப்பதற்கு நேரமில்லாத நகரம்'. பழைய மேயர் ஹார்ட்ஸ்ஃபீல்டு பரப்பிய வாசகம். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் நடக்கும் கலவரமெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது, எங்களுக்கு வியாபாரம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து வந்த மேயர் ஐவன் ஆலன், அலுவலகச் சாமான் விற்கும் குடும்பத்துப் பணக்காரர், 1963 ஜூலையில் வாஷிங்டன் போய், உணவகங்களும் ஹோட்டல்களும் நிறம் பார்த்து ஆளை விரட்டக் கூடாது என்ற சட்டத்துக்கு ஆதரவாகவே சாட்சி சொன்னார். தெற்கத்தி வெள்ளைக்கார அரசியல்வாதி அன்று இப்படிப் பேசுவது என்பது தன் வீட்டு வாசலில் தானே குழி வெட்டுவது.

அந்தச் சட்டம் 1964 ஜூலை 2 அன்று வந்தது. அடுத்த நாளே அதே அட்லாண்டாவில் பிக்ரிக் என்ற உணவகத்தின் முதலாளி லெஸ்டர் மேடக்ஸ், சாப்பிட வந்த கறுப்பின மாணவர்களைக் கையில் துப்பாக்கியுடன் விரட்டினார். அவருடைய ஆட்கள் கோடரிக் காம்புகளுடன் நின்றார்கள். அதே ஊரில் 216 அறை கொண்ட ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல், எங்களுக்கு வேண்டியவர்களுக்குத்தான் அறை தருவோம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு டிசம்பர் 14 அன்று வந்தது, மோட்டல் தோற்றது. கிங் ஆஸ்லோவில் பரிசு வாங்கி நாலே நாள். 1962இல் ரால்ஃப் பன்ச் அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்கு வந்தபோது, அவரும் நோபல் பெற்றவர், ஐ.நா.வில் பெரிய பதவியில் இருந்தவர், அவருக்கே ஹோட்டலில் அறை தர மறுத்த ஊர் இது.

நமக்குப் பந்தி தெரியும். யார் முதல் பந்தி, யாருக்குத் தனி இலை, யாருக்குத் திண்ணையோடு சரி என்பதெல்லாம் எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிற சமூகம் நாம். அதனால் 1965இல் ஒரு அட்லாண்டா ஹோட்டலில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் என்ன என்று சராசரி அமெரிக்கருக்கு இன்று விளக்கவேண்டியிருக்கலாம், தமிழ் வாசகருக்குச் 'சமபந்தி' என்ற ஒரு சொல் போதும்.

ஆனால் எதிர்ப்புக்கு நிறம் மட்டும் காரணமில்லை

கோக்க-கோலா கதையில் வழக்கமாக விட்டுப்போகும் இடம் இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அட்லாண்டாவில் ஸ்கிரிப்டோ என்று ஒரு பேனா கம்பெனி இருந்தது. தொழிற்சாலை, கிங் பாதிரியாராக இருந்த எபனேசர் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே. தொழிலாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். திறன் தொழிலாளர்களுக்கு 4 சதவீதக் கூலி உயர்வு, மற்றவர்களுக்கு 2 சதவீதம் என்று நிர்வாகம் சொன்னது. திறன் பட்டியலில் இருந்தவர்கள் யார், மற்றவர்கள் யார் என்று பார்த்தால் கோடு நிறத்தின் மேல்தான் விழுந்தது. 1964 நவம்பர் கடைசியில் வேலைநிறுத்தம். ஆஸ்லோவிலிருந்து வந்த கிங் ஓய்வெடுக்கவில்லை, டிசம்பரில் அந்தப் பெண்களோடு போய்க் கதவருகே நின்றார், ஸ்கிரிப்டோ பேனா வாங்காதீர்கள் என்று சொன்னார்.

இப்போது அந்த ஊர் முதலாளியின் இடத்திலிருந்து பாருங்கள். பர்மிங்ஹாமில் போராடிய கிங்கைச் சகித்துக்கொள்ளலாம், அது அடுத்த மாநிலம். கிளப்பில் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடும் நண்பனின் தொழிற்சாலை வாசலில் நிற்கும் கிங்குக்கு எப்படி மாலை போடுவது? விருந்து வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் மேடக்ஸ் மாதிரி கோடரிக் காம்பு பிடித்தவர்கள் இல்லை. நல்ல உடுப்பும் நல்ல பேச்சும் உள்ளவர்கள், கறுப்பினத்தவர் சாப்பிட வந்தால் பொறுத்துக்கொள்ளத் தயாராகிவிட்டவர்கள்கூட. கூலி கேட்டு வருவதுதான் அவர்களுக்கு இடித்தது.

நாலு பேர்

விருந்தை முன்னெடுத்தவர்கள் நாலு பேர். மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ், கறுப்பினத்தவர், கிங் 15 வயதில் அந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குக் குரு மாதிரி. 1936 கடைசியில் வார்தாவுக்குப் போய்க் காந்தியைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்தவர். அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன் பத்திரிகையின் ரால்ஃப் மெக்கில். கத்தோலிக்கப் பேராயர் பால் ஹாலினன், 1962இல் தன் ஆளுகையில் இருந்த பள்ளிகளில் நிறப் பிரிவினையை எடுத்தவர். அப்புறம் யூத மதகுரு (ரபி) ஜேக்கப் ராத்சைல்ட்.

ராத்சைல்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1958 அக்டோபர் 12 விடிகாலையில் அவருடைய ஆலயத்தில் வெடிகுண்டு வைத்தார்கள். நிறப் பிரிவினைக்கு எதிராக அவர் பேசியதுதான் காரணம். அதைக் கண்டித்து மெக்கில் எழுதிய தலையங்கத்துக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆக, இந்த நாலு பேரும் 'பெரிய மனுஷங்க பேரைப் போட்டுக்கலாம்' என்று அழைப்பிதழில் அச்சடித்த பெயர்கள் இல்லை. அடி வாங்கியும் பக்கத்தில் நின்றும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் ராத்சைல்ட் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஒரு இரவைப் பற்றி ரபியின் மனைவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெள்ளையர் வசிக்கும் பகுதி, இருட்டில் வீட்டு எண் தெரியவில்லை, பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டியதாயிற்று. தாமதமாக வந்த கிங் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கவலைப்படாதீர்கள், உங்களுக்குச் சங்கடம் வராதபடி கொரெட்டாவைத்தான் கதவைத் தட்ட அனுப்பினேன், விருந்தில் பரிமாற வந்த வேலைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள் என்றாராம். இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் விருந்தாளியாகப் போகிற வீட்டுக்காரரின் மானத்தைக் காக்க, தானே வேலைக்காரனாகத் தோன்றிக்கொள்ள வேண்டியிருந்த ஒரு மனிதரைத்தான் அந்த ஊர் விருந்தின் நடு மேசையில் உட்கார வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கோக்க-கோலாவின் பங்கு

டிக்கெட் விலை ஆறரை டாலர். முதலாளிகள் வட்டாரத்தில் அசைவே இல்லை. டிசம்பர் கடைசியில் நியூயார்க் டைம்ஸ், கிங்கைப் பாராட்டுவதில் அட்லாண்டாவில் தகராறு என்று செய்தி போட்டுவிட்டது. 'வெறுப்பதற்கு நேரமில்லாத நகரம்' என்று சொல்லித் தொழில் பிடித்த ஊருக்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

ஆலன் போன இடம் ராபர்ட் உட்ரஃப். கோக்க-கோலாவைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர், பதவியில் இல்லாவிட்டாலும் அவர் தலையசைத்தால்தான் ஊரில் எதுவும் நடக்கும். கம்பெனியின் தலைவராக அப்போது இருந்தவர் பால் ஆஸ்டின்; தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தவர், நிறவெறி ஒரு நாட்டின் வியாபாரத்தை என்ன பாடுபடுத்தும் என்று கிட்டத்தில் பார்த்தவர். முதலாளிகளைக் கூட்டி ஆஸ்டின் சொன்னதாகக் கிங்கின் கூட்டாளி ஆண்ட்ரூ யங் பின்னாளில் எழுதியது இதுதான்: நோபல் வாங்கிய தன் ஊர்க்காரனை மதிக்காத ஊரில் இருப்பது எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, நாங்கள் உலகம் பூராவும் விற்கிறவர்கள், கோக்க-கோலாவுக்கு அட்லாண்டா தேவையில்லை, அட்லாண்டாவுக்குக் கோக்க-கோலா தேவையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் டிக்கெட் தீர்ந்தது என்பதும் யங் சொன்னதே.

இந்தக் கதையை நான் நம்புகிறேன். ஆனால் இது மட்டுமே கதை என்றால் நம்பமாட்டேன். அதட்டினார்கள், வாங்கினார்கள் என்பது சரி. ஆனால் அதட்டுவதற்கு அங்கே ஒரு விருந்து ஏற்கெனவே இருந்தது, ரத்து செய்ய மறுத்த நாலு பேர் இருந்தார்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும் மேயர் அந்த மேசையில் உட்காருவார் என்ற உறுதி இருந்தது. உட்ரஃபும் ஆஸ்டினும் விருந்தை உண்டாக்கவில்லை. தன்னால் நிறுத்த முடியாத விருந்து ஒன்று நடக்கப்போகிறது, அது பாதி காலியான மண்டபத்தோடு நடந்தால் உலகப் பத்திரிகைகளில் படம் வரும் என்ற கணக்கை மற்றவர்களைவிடச் சீக்கிரம் போட்டார்கள். மனமாற்றத்தை இதில் தேடுவது வீண். தானே வராமல் கீழே வேலை பார்ப்பவரை அனுப்பிவைத்த பெரியவர்களும் இருந்தார்கள் என்று ஆலனே எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கம் வேறொரு கை வேலை செய்துகொண்டிருந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஹூவர் 1964 நவம்பரில்தான் நாட்டிலேயே பேர்போன பொய்யர் என்று கிங்கைப் பத்திரிகையாளர்களிடம் திட்டியிருந்தார். விருந்து ஏற்பாட்டாளர்களான மெக்கிலையும் ஹாலினனையும் எஃப்.பி.ஐ. ஆட்கள் அணுகி, கிங்கின் அந்தரங்க வாழ்க்கை பற்றிச் சொல்லி விருந்தைக் கலைக்கப் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து செனட் விசாரணையில்தான் இது ஊருக்குத் தெரிந்தது. அதே ஆட்கள் ரகசியமாகப் பதிவு செய்த நாடாவையும், செத்துப்போ என்று மறைமுகமாகச் சொல்லும் பெயரில்லாத கடிதத்தையும் கிங்குக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பொட்டலத்தைக் கொரெட்டா பிரித்தது 1965 ஜனவரி முதல் வாரத்தில். விருந்துக்கு மூன்று வாரம் முன்னால். அன்றிரவு அந்த மேசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மனசில் என்ன கிடந்தது என்பதை மண்டபத்தில் அநேகமாக யாரும் அறியவில்லை.

ஜனவரி 27, புதன்கிழமை

டிங்க்ளர் பிளாசா ஹோட்டலில் சுமார் 1,500 பேர். பாதிரிகள், ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், மாணவர்கள். கிங் தாமதமாக வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலனிடம், எந்த நேரக் கணக்கில் இருக்கிறோம் என்பது மறந்துவிட்டது, கிழக்கு நேரமா அல்லது கறுப்பர் நேரமா என்று, எங்களுக்குப் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர எப்போதுமே கொஞ்சம் அதிக நேரமாகிறது என்றாராம். ஆலன் இதை நகைச்சுவையாகத்தான் நினைவுகூர்ந்தார். எனக்கு அந்த இரண்டாம் பாதி நகைச்சுவையாகப் படவில்லை.

ஜார்ஜியாவின் டாக்வுட் பூ செதுக்கிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை ஊர் சார்பில் பரிசாகக் கொடுத்தார்கள். ஒருநாள் வென்றே தீருவோம் என்ற இயக்கத்தின் பாட்டைக் கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள், சிலருக்கு வாய் மட்டும் அசைந்திருக்கலாம். நோபலுக்குப் பிந்தைய அந்த வாரங்களில் கிங் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், மலையுச்சியில் இருக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பள்ளத்தாக்கு கூப்பிடுகிறது என்பது.

பள்ளத்தாக்கு என்றால் அப்போது செல்மா. அலபாமாவில் உள்ள சின்ன ஊர். ஓட்டுரிமைக்கான போராட்டம் ஜனவரி 2 அன்றே அங்கே தொடங்கியிருந்தது. ஜனவரி 18 அன்று அந்த ஊர் ஆல்பர்ட் ஹோட்டலில் முதல் கறுப்பின விருந்தாளியாகப் பெயர் பதிந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளை வெறியன் பாய்ந்து கிங்கை முஷ்டியால் குத்தினான். ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு ஹோட்டல்கள். ஒன்றில் குத்து, இன்னொன்றில் கண்ணாடிக் கிண்ணம்.

பிப்ரவரி 1, திங்கட்கிழமை. செல்மாவில் ஊர்வலம் போன இருநூறுக்கும் மேற்பட்டவர்களோடு கிங் கைது. சிறைக்குள்ளிருந்து எழுதிய கடிதம் பிப்ரவரி 5 அன்று நியூயார்க் டைம்ஸில் விளம்பரமாக வந்தது. செல்மாவின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் கறுப்பினத்தவரைவிடச் சிறையில் என்னோடு இருப்பவர்கள் அதிகம் என்று அதில் எழுதினார். ஆசிரியை சொன்ன அஞ்சாவது நாள் இதுதான்.

இந்த விருந்து எதைச் சாதித்தது?

ஸ்கிரிப்டோ வேலைநிறுத்தம் விருந்துக்கு முன்பே, ஜனவரி 9 அன்று சமரசத்தில் முடிந்துவிட்டது. விருந்தால் யாருக்கும் கூலி ஏறவில்லை. கோடரிக் காம்பு மேடக்ஸ் இரண்டே வருஷத்தில், 1967 ஜனவரியில், ஜார்ஜியாவின் கவர்னர் ஆனார். 1966இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேருக்குக் கிங்கைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு ராத்திரிச் சாப்பாட்டால் நாடு திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

இருந்தாலும் நான் இதைப் பூஜ்யம் என்று தள்ளமாட்டேன். ஏன் நடந்தது என்று பார்த்தால் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒரு கறுப்பினக் கல்வியாளர், ஒரு புராட்டஸ்டன்ட் பத்திரிகைக்காரர், ஒரு கத்தோலிக்கர், ஒரு யூதர் என்று நாலு வாசலிலிருந்து அழைப்பு வந்ததால், இது அவங்க கூட்டத்து வேலை என்று ஒதுக்க வழியில்லாமல் போனது. மேயர் தன் நாற்காலியை முதலிலேயே போட்டுவிட்டதால் மற்றவர்கள் வராவிட்டால் அது வெளியே தெரியும். டிக்கெட் விலையையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஆறரை டாலர் அன்று சும்மா இல்லை, ஆனால் ஒரு பள்ளி ஆசிரியை மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய தொகை. நூறு டாலர் என்று வைத்திருந்தால் பணக்காரர்கள் வராத விருந்து படுத்திருக்கும். ஆறரை என்றதால் அவர்கள் வராவிட்டாலும் நடத்தும் தெம்பு இருந்தது. அதட்டல் பலித்ததற்கும் அதுவே அடித்தளம் என்பது என் கணிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே, கிங் உயிரோடு இருக்கும்போது, தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அடுத்த வாரம் என்ன செய்வாரோ என்று மண்டபத்தில் பாதிப் பேருக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொன்ற பிறகு கதை மாறிவிட்டது. இறந்தவர் வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டார். அப்படியும் தேசிய விடுமுறைக்கு 15 வருஷம் பிடித்தது, 1983 நவம்பரில்தான் ரீகன் கையெழுத்துப் போட்டார், முதல் விடுமுறை 1986 ஜனவரியில். அரிசோனா 1990இல் ஓட்டெடுப்பு நடத்தி விடுமுறை வேண்டாம் என்றது. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் 1993 போட்டியை அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றிவிட்டார்கள், 1992 ஓட்டெடுப்பில் அரிசோனா சரி என்று சொன்னது. மறுபடியும் அதே கோக்க-கோலா கணக்குத்தான். 2011இல் காலப் கேட்டபோது 94 சதவீதம் பேர் கிங்கை நல்லவிதமாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 63 பேர் முகம் சுளித்த அதே மனிதர்.

ஜனவரி விருந்துகளில் இப்போது டிக்கெட்டைவிட மேசைதான் அதிகம் விற்கிறது. இதில் தப்பில்லை, உதவித்தொகைக்குப் பணம் எங்கிருந்தாவது வரவேண்டும். ஆனால் மேசையாக வாங்குகிறவர்களுக்கு நாற்காலி நிரம்பியதா என்ற கவலை கிடையாது, பெயர் அட்டை வைத்தாயிற்று. வேலை நிறுத்தத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த மேடையில் விருது கொடுத்தால் அடுத்த வருஷம் எத்தனை மேசை விற்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். டிங்க்ளர் பிளாசாவையும் 1970களில் இடித்துவிட்டார்கள், போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

இந்த வருஷ விருந்துக்கு அலுவலகத்தில் மறுபடி மின்னஞ்சல் வந்திருக்கிறது, யார் யார் வருகிறீர்கள் என்று. நான் வருகிறேன் என்று பதில் போட்டேன். கூடவே, போன வருஷம் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது, இந்தத் தடவை நம் கட்டடத்தில் ராத்திரி துப்புரவு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பார்க்கலாமா, இரண்டு மாதமாக அவர்கள் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு ராத்திரி உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று எழுதினேன். பதினோரு நாளாகிறது. பார்க்கிங் எங்கே என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.